உஷார்! முதுகுக்குக் கண் கிடையாது

காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். பெங்களூர் பீன்யாவில் ஷிப்டு பார்க்கிறவர், தும்கூர் ரோட்டில் பைக் ஓட்டுகிறவர், ஞாயிறு விடிந்தால் சிவகங்கெ, மாகாளிதுர்கா என்று மலைக்குக் கிளம்புகிறவர், இந்த வருடமாவது குல்மார்க் போய்ப் பனிச்சறுக்குப் பழகிவிட வேண்டும் என்று பணம் சேர்க்கிறவர், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த எச்சரிக்கை. இடம் வேறு வேறு, ஆபத்து ஒன்றுதான். பின்னாலிருந்து ஏதோ வருகிறது, நமக்குக் கேட்கவில்லை.

ஷிப்டு மாறும் நேரத்தில் பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டருகே நின்று பாருங்கள். இறங்கி வருகிற இளவட்டங்களில் பலருக்கும் காதில் இயர்பட் இருக்கும். ரயிலுக்குள் அது மரியாதை. நம் பாட்டை அடுத்தவர் காதில் திணிக்காமல் இருப்பது நல்ல பழக்கம். ஆனால் ரயிலில் ஆரம்பித்த பாட்டு முடியும் முன்பே சர்வீஸ் ரோட்டில் கால் வைத்துவிடுகிறார்கள். அங்கே தப்புத் திசையில் வருகிற பைக் உண்டு, ரிவர்ஸ் எடுக்கிற டாரஸ் லாரி உண்டு, இரும்புத் தகட்டுச் சுருளைச் சுமந்துகொண்டு அகலமாகத் திரும்புகிற ட்ரெய்லர் உண்டு. லாரிக்குப் பின்னால் நின்று பலகையைத் தட்டித் தட்டிக் கிளீனர் கத்துகிறானே, அந்தச் சத்தம் டிரைவருக்கு மட்டும் இல்லை, பின்னால் நடந்து போகிற நமக்கும்தான்.

கண்ணுக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். எட்டுத் திசையையும் காவல் காப்பது காது ஒன்றே. தூங்கும்போதுகூட அது முழுசாகக் கடையை மூடுவதில்லை. வலப்பக்கம் ஹார்ன் அடித்தால் அந்தச் சத்தம் வலது காதுக்கு முதலிலும், இடது காதுக்கு அதைவிடத் துளி பின்னதாகவும் வந்து சேர்கிறது. இடைவெளி ஆயிரத்தில் ஒரு நொடிகூட இல்லை. அந்தத் துளி வித்தியாசத்தையும், இரண்டு காதிலும் சத்தம் கூடிக் குறைவதையும் வைத்துத்தான் மூளை ‘வண்டி வலப்பக்கம்’ என்று கணக்குப் போடுகிறது.

இங்கேதான் ஒரு பெரிய சால்ஜாப்பு உடைகிறது. “ரெண்டு காதுலயும் போடலைங்க, ஒண்ணுலதான் போட்டிருக்கேன்” என்பார்கள். ஒரு காதை அடைத்தால் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்பது குழம்பிவிடும். ஹார்ன் கேட்டுத் திடுக்கிட்டு, வண்டி வருகிற பக்கமே ஒதுங்குகிறவர்கள் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். எந்தப் பக்கம் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்வதற்குள் அது வந்து சேர்ந்திருக்கும். போதாக்குறைக்கு இப்போது ஓசையில்லாத மின்சார ஸ்கூட்டர்கள், மின்சாரப் பேருந்துகள் வேறு. திறந்த காதுக்கே அவை பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கின்றன. அடைத்த காதுக்கு இடித்த பிறகுதான்.

வண்டி ஓட்டுகிறவர் காதை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த ஒரு சாட்சி உண்டு. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லாத லெவல் கிராஸிங்கைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. கிராஸிங்கில் எச்சரிக்கை செய்ய நிறுத்தப்பட்டிருந்தவர் நிறுத்தச் சொல்லிக் கூவியும் வேன் நிற்கவில்லை என்று ரயில்வே தரப்பில் சொன்னார்கள். அதற்குப் பிறகு வேலை முடுக்கிவிடப்பட்டு, 2019 ஜனவரிக்குள் அகலப் பாதைகளில் ஆளில்லா கிராஸிங்குகள் அனைத்தும் நீக்கப்பட்டன. ஆனால் கேட்டே இல்லாத இடத்தில் குறுக்கு வழியாகத் தண்டவாளம் தாண்டுகிறவர்களை எந்தக் கேட் தடுக்கும்? யஷ்வந்த்பூரிலிருந்து சிக்கபாணாவரா வழியாகத் தும்கூர் போகிற பாதை பீன்யாவுக்கு அந்தப் பக்கம்தான். தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் 1989 ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் கட்ட உயிரோடு இருந்தால் அதிர்ஷ்டம். மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற ரயில் நொடிக்கு 28 மீட்டர் பாயும். மின்சார எஞ்சின் பழைய டீசல் எஞ்சினைப் போலத் தூரத்திலிருந்தே உறுமிக்கொண்டு வராது.

இனி தொழிற்சாலைக் கேட்டுக்கு உள்ளே போவோம். பீன்யாவின் மெஷின் ஷாப்புகளில் நடப்பதைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் வயிறு கலங்குகிறது.

லேத், சி.என்.சி., வி.எம்.சி. எதுவாக இருந்தாலும், கைதேர்ந்த ஆப்பரேட்டருக்குக் காதும் ஒரு கருவி. டூல் மழுங்கினால் வெட்டும் சத்தம் மாறும். ஜாப் சரியாகப் பிடிபடவில்லை என்றால் அதிர்ந்து கிறீச்சிடும். ஸ்பிண்டில் பேரிங் போகப்போகிறது என்றால் சில நாள் முன்பே மெல்லிய ஊளை கிளம்பும். பழைய மேஸ்திரிகள் அடுத்த பே-யில் நின்றுகொண்டே “அந்த மூணாம் நம்பர் மெஷினை நிறுத்துடா” என்பார்கள். அவர்கள் பேனலையும் பார்க்கவில்லை, ஜாபையும் பார்க்கவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். பாட்டுக் கேட்டுக்கொண்டே மெஷின் ஓட்டுகிற பையனுக்கு இன்சர்ட் உடைந்து ஜாப் பாழான பிறகுதான் விஷயம் தெரியும். உடைந்த துண்டு எங்கே பறக்கும் என்பது அவன் நேரம்.

அங்கே தலைக்கு மேல் ஈ.ஓ.டி. கிரேன் போகிறது, முதுகுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வருகிறது. கூட வேலை செய்கிறவர்கள் தர்மபுரி, ராய்ச்சூர், பீகார், ஒடிசா என்று நாலா திசையும். கிரேன்காரர் எந்த மொழியில் எச்சரித்தாலும் “ஏய்!” என்கிற கத்தல் எல்லோருக்கும் புரியும். காதில் ரப்பரை அடைத்து உள்ளே தாளம் போட்டுக்கொண்டிருப்பவனுக்கு மட்டும் எந்த மொழியும் புரியாது.

“சத்தத்திலிருந்து காப்பாத்திக்கத்தான் மாட்டியிருக்கேன், இது நாய்ஸ் கேன்சலிங்” என்று ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த வகை இயர்பட் கம்ப்ரஸர் ஓடுவது, விமானம் இரைவது போன்ற தாழ்ந்த, சீரான இரைச்சலைத்தான் நன்றாகக் குறைக்கும். பவர் ப்ரெஸ் ‘டம்’ என்று இறங்குவதையும் கிரைண்டரின் கூர்மையான கிறீச்சையும் அந்த அளவுக்குப் பிடிக்காது. தொழிற்சாலைக் காதடைப்பான் எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும் என்று பொட்டலத்திலேயே அளவு அச்சடித்திருக்கும். பாட்டுக் கேட்க வாங்கியதில் அப்படி ஓர் அளவைத் தேடிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஃபோம் காதடைப்பான் வெளிச் சத்தத்தைக் குறைப்பதோடு சரி. தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. இயர்போன் சேர்க்கிறது. ஷாப்பில் ஏற்கெனவே 90 டெசிபெல் இருந்தால் பாட்டு அதற்கு மேலே ஏறினால்தான் கேட்கும். விரல் தானாக வால்யூமைக் கூட்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிற அளவு, நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் ஒன்று. 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம்தான். பெரிய வால்யூமில் மூன்று நான்கு பாட்டு, அவ்வளவுதான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் இன்னும் தாராளம்: 8 மணி நேரத்துக்கு 90 வரை அனுமதி, 115-க்கு மேல் காதடைப்பான் இல்லாமல் ஒரு நொடிகூடக் கூடாது. பொழுதுபோக்காகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். ஷிப்டில் பட்டதும் மெட்ரோவில் பட்டதும் இரவு படுக்கையில் பட்டதும் எல்லாம் ஒரே காதின் கணக்கில்தான் ஏறுகின்றன.

போனால் வராது, அதுதான் பயம். உள்காதில் நத்தைச் சுருள் வடிவக் குழாய்க்குள் இருக்கும் மயிரணுக்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். அதனால் ஆரம்பத்தில் செவிடு என்றே தெரியாது. ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. கூட்டத்தில் ஒரு பேச்சும் விளங்காது. ராத்திரி அமைதியில் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஒன்று பாடிக்கொண்டே இருக்கும், அதற்கு வால்யூம் பட்டனும் கிடையாது. இரைச்சலால் வரும் செவிக்குறை தொழில்நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற ஒன்று, ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இழப்பீடு கேட்கவும் இடமுண்டு. ஆனால் காது போனது ப்ரெஸ்ஸாலா, பாட்டாலா என்ற கேள்வியை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக்கு நிற்க வேண்டுமா?

இவ்வளவு இரைச்சலில் ஆறு நாள் உழைக்கிறவன் ஏழாம் நாள் மலைக்கு ஓடுவதில் வியப்பில்லை. ஓடட்டும். தும்கூர் ரோட்டைப் பிடித்தால் நெலமங்கலா தாண்டி, தாபஸ்பேட்டையில் திரும்பினால் சிவகங்கெ. அந்தப் பக்கம் தொட்டபள்ளாபுராவைத் தாண்டினால் மாகாளிதுர்கா. என் ஆதங்கமெல்லாம், சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவன் அதையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறானே என்பதுதான். சிலர் காதில் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பையில் தொங்கவிட்டு மலைக்கே கேட்கும்படி வைக்கிறார்கள். இரண்டாவது ஆசாமியால் தொல்லை ஊருக்கு. முதலாமவரால் ஆபத்து அவருக்கே.

மாகாளிதுர்கா போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே மலையேறப் போகிற வழியிலேயே ரயில் பாதை குறுக்கிடுகிறது. பாதை வளைந்து வருகிற அழகைப் படமெடுக்கத் தண்டவாளத்தில் நிற்கிறவர்கள் உண்டு. மலை மறைத்த வளைவில் ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். அந்த ஒரே முன்னறிவிப்பையும் அடைத்துவிட்டு அங்கே நடப்பது சுத்த மடத்தனம். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பாறை மலைகளில் பெருந்தேனீக்கள் கூடு கட்டும். கூட்டின் ரீங்காரம் கூடினால் பின்வாங்க வேண்டும். மேலே ஏறுகிறவர் காலில் தட்டி ஒரு கல் உருண்டால் “கல்லு, கல்லு!” என்று குரல் வரும். ராமநகரா பக்கத்துப் பாறைக் காடுகளில் கரடி உண்டு. கரடிக்குப் பார்வையும் மட்டு, செவியும் மட்டு என்பார்கள். திடீரென்று எதிரே ஆளைக் கண்டால் மிரண்டு பாயும். ஆக, இருவரில் ஒருவருக்காவது காது கேட்டாக வேண்டும். பன்னேர்கட்டா பக்கம் யானை. மூங்கில் முறிகிற சத்தம் கேட்டு நின்றுவிடுகிறவன் வீடு திரும்புவான்.

பனிச்சறுக்குக்கு வருவோம். குல்மார்க், அவுலி என்று பெங்களூர்ப் பிள்ளைகள் போக ஆரம்பித்துவிட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு, பாட்டின் வேகத்துக்கு வளைந்து வளைந்து சரிவில் இறங்குவது தனிச் சுகம், பயமே தெரியாது என்கிறார்கள். பயம் தெரிய வேண்டிய இடத்தில் அதை மறக்கடிப்பதைச் சுகம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

சறுக்குகிறவருக்குக் காலடிச் சத்தம்தான் தரையைப் பற்றிய தகவல். புதுப் பனியில் ஸ்கீ போனால் மெத்தென்ற ஓசை. இறுகிய ஐஸ் மீது விளிம்பு பட்டால் கரகரவென்று தேய்க்கும். அந்த ஓசை மாறின மறுநொடி கால் அழுத்தத்தை மாற்றத் தெரிந்தவனே விழாமல் தப்புவான். டூல் மழுங்குவதை மேஸ்திரி கேட்பதும் இதுவும் ஒரே வித்தைதான். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதிகளில், மேலேயிருந்து வருகிறவர்தான் கீழே இருப்பவருக்கு ஆபத்தில்லாமல் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நியாயம் கீழே இருப்பவர் பக்கம். ஆனால் மேலேயிருந்து கட்டுப்பாடு இழந்து வருகிற ஒரு புதுக்குட்டி “தள்ளு, தள்ளு!” என்று அலறுகிறபோது நியாயம் எலும்பைக் காப்பாற்றாது. விலகினால்தான் உண்டு. விலகக் கேட்க வேண்டும்.

புதிதாக விழுந்த பனியில் காற்றிடைவெளி அதிகம். அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். பனிமலையின் அந்த அசாத்திய அமைதிக்கு ஒரு காரணம் அதுவே. திறந்த காதுக்கே அங்கே கூப்பாடு குறைவாகத்தான் வந்து சேரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தினால் பனிச்சரிவு வரும் என்பது சினிமாக் கதை. பாட்டுச் சத்தத்தாலும் வராது. பெரும்பாலும் சறுக்குகிறவரின், அல்லது அவர் கூட்டாளியின் உடல் எடைதான் அதைக் கிளப்புகிறது. அடியில் இருக்கும் பலவீனமான படலம் உடைந்து அமுங்கும்போது காலுக்குக் கீழே ‘ஹும்ப்’ என்று ஒரு கனத்த சத்தம் எழும். மலை எச்சரிக்கிறது என்று பழகினவர்கள் அதைக் கேட்டதுமே சரிவை விட்டு விலகுவார்கள். அந்தச் சத்தம் எந்தப் பாட்டின் டிரம்ஸோடும் கலந்து காணாமல் போய்விடும்.

குல்மார்க்கில் கேபிள் கார் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்கு, அஃபர்வாட் வரை கொண்டுபோய் விடுகிறது. 2023 பிப்ரவரி 1 அன்று அந்த மலையில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று மறுபடி ஒரு சரிவு. ரஷ்யர் ஒருவர் இறந்தார், கூட இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். இவர்கள் காதில் எதுவும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அனுபவசாலிகளையே விழுங்குகிற மலை என்பதைச் சொல்லத்தான் இதை எடுத்தேன்.

பாட்டுக்காகச் சட்டைப் பையில் வைத்திருக்கும் போனும் அங்கே ஒரு வினை. சறுக்குவதற்கென்று ஒதுக்கிய சரிவை விட்டு வெளியே போகிறவர்கள், பனிக்குள் புதைந்தால் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர் என்ற கருவியை மார்போடு கட்டிக்கொள்வார்கள். போன், இயர்போன் போன்ற மின்னணுச் சாமான்கள் அதன் சமிக்ஞையைக் குழப்பும். சாதாரணமாக 20 சென்டிமீட்டர், புதைந்தவரைத் தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது மலைக்காரர்களின் விதி. புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நம்பிக்கை. அந்த நேரத்தில் கருவி தடுமாறினால், அவர் அதுவரை கேட்ட பாட்டுக்கு விலை மிக அதிகம்.

பாட்டுக்கு நான் எதிரி இல்லை. மெட்ரோவில் உட்கார்ந்து கேளுங்கள், கேபிள் காரில் மேலே போகும்போது கேளுங்கள், வீட்டில் பாதி வால்யூமில் விடிய விடியக் கேளுங்கள். நகர்கிற நேரத்திலும், நம்மைச் சுற்றிக் கனமான ஏதாவது நகர்கிற நேரத்திலும் வேண்டாம் என்கிறேன்.

பீன்யாவில் ஷாப் நடத்துகிற முதலாளிகளுக்கும், ஞாயிறு தோறும் பெங்களூரிலிருந்து வேன் கட்டி மலைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதலாளிகளே, கேட்டில் போனை வாங்கி வைத்தால் போதாது. ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல காதடைப்பான் கொடுங்கள், வருடத்துக்கு ஒரு முறை செவிப் பரிசோதனை செய்யுங்கள். மலைக்கு அழைத்துப் போகிறவர்களே, தண்ணீர் பாட்டிலும் ஷூவும் சரிபார்க்கிறீர்களே, வேனை விட்டு இறக்கும்போது ஒவ்வொருவர் காதையும் பாருங்கள். மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்கிறவரை வேனிலேயே உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.